வாத்து ராஜாவின் கீழ் ஓரம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். 'போன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டு பிரெஞ்சுச் சொல்லை வைத்துக்கொண்டு, கடல் தாண்டி வந்த இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பேட்டையில் படச் சட்டக் கடை போட்டு நிமிர்ந்தேன். வசதியானவர்கள் இருக்கும் கர்க்லாண்டில் வீடு கட்டினேன். இங்குள்ள நம் டாக்டர்கள், எஞ்சினியர்கள் வீட்டுச் சுவர்ப் படங்களில் பாதி என் கைபட்டவை. எல்லாம் இதோ, மேசைமேல் கிடக்கும் இந்த இரும்பு அளவுகோலால் அளந்தது. இதைப் பார்க்கும்போது மட்டும் என் வாய் அடங்கிவிடும்.

எழுபதுகளின் தொடக்கம். பழைய கேலிப் படங்களைச் சேர்க்கும் நம் ஊர்க்காரரான சரித்திரப் பேராசிரியர், ஏலத்தில் எடுத்த ஒன்றை நேரே கடைக்குக் கொண்டுவந்தார். இருநூறு வருஷத்துக்கு முன் லண்டனில் அச்சடித்தது. கிரீடம் வைத்த கொழுத்த வாத்துதான் ராஜா. மந்திரிகள் சுற்றி உட்கார்ந்து இறகு பிடுங்குகிறார்கள். "ராஜா உயிரோட இருக்கும்போதே கடை ஜன்னல்ல மாட்டி வித்தாங்கய்யா!" என்று சிரித்தவர், வகுப்புக்கு நேரமாகிறதென்று ஓடிவிட்டார்.

ஊரில் காலண்டர் சாமி படத்துக்குச் சட்டம் போடும்போது, அடியில் இருக்கும் ஜவுளிக்கடை விளம்பரத்தை வெட்டிவிட்டுத்தானே போடுவோம்? இதன் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி, அழுக்கேறி. எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. கடை விலாசமாக இருக்கும் என்று நினைத்தேன். அளவுகோலை வைத்துக் கத்தியை ஒரே இழுப்பு.

மூன்றாம் நாள் வந்தவர் குனிந்து பார்த்தார். "கீழ ஒரு வரி இருந்துச்சே?"

"விளம்பரம் சார், வெட்டிட்டேன். குப்பை வண்டியும் போயிடுச்சு."

அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ராஜாவையே கேலி பண்ணிட்டு, 'விக்கிறது நான்தான், என் கடை இங்கதான்'னு பேரும் தேதியும் போட்டிருப்பான்யா. ஒரு எழுத்தாவது ஞாபகம் இருக்கா?"

இல்லை. கையில் பிடித்திருந்தேன், படிக்கத்தான் தெரியவில்லை.

"படிக்காம வெச்சுட்டுப் போனேனே, என்னைச் சொல்லணும்" என்று தோளைத் தட்டினார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

அவர் எழுதிய புத்தகத்தில் அந்தப் படத்துக்கு அடியில், 'கீழ் ஓரம் வெட்டப்பட்டது. வெளியிட்டவர் தெரியவில்லை' என்றிருப்பதை மகன் படித்துச் சொன்னான். யார் வெட்டியது என்று கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் போய்விட்டார். இப்போது அவர் மகள் அந்தப் படங்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போகிறாராம். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு அட்டை எழுதுகிறார்களாம்.

அவர் மகளிடம் நான் கேட்பது இதுதான்: அம்மா, அந்த அட்டையில் என் பெயரைப் போடுங்கள். சட்டம் போட்டதற்கு வேண்டாம். ராஜாவுக்கே பயப்படாமல் பெயர் போட்டவனின் பெயரை இந்த அளவுகோலை வைத்து வெட்டியவன் நான்தான் என்று, விலாசத்தோடு போடுங்கள்.