கல்முனையிலிருந்து பனி பார்க்கப் போனவர்கள்

பிரயாண ஏற்பாட்டுக் கந்தோரில் வேலை என்றால் போகிறவர்களை அனுப்பிவைக்கிற வேலை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். போகவே போகாதவர்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிற வேலை அது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சனங்களுக்குப் பதில் சொல்லிப் பிழைத்த எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்கிலங்கையின் கல்முனையில் அப்படியொரு கந்தோரில் நான் கிளார்க். நாகூர் தர்காவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் முதலாளிக்கு ஒரு வருஷம் புதுப் புத்தி வந்தது. தை மாதத்தில் வட இந்தியாவுக்கு, பனி பார்க்க, ஒன்பது நாள் பயணம். காஷ்மீர், சிம்லா, மணாலி மூன்றில் எதுவென்று சேருகிறவர்களே தீர்மானிக்கலாம். "பத்துப் பேரச் சேத்தா பதினோராவது எடம் உனக்கு. வழிகாட்டியாப் போ" என்றார். எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் நாட்டுக் குளிர் ஊரான நுவரெலியாவைக்கூடப் பார்த்ததில்லை, பனியைக் கண்டது கந்தோர்க் கலண்டரில் மட்டும். அந்தப் பதினோராவது இடத்துக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளாமைக்குத் தோதான பனி

முதலில் வந்தவர் நிந்தவூர்ப் போடியார் ஒருவர். நிறைய வயல்காரர். மூன்று ஊரைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் கேட்டார். எந்த ஊர் உயரம், எங்கே பனி இடுப்பளவு விழும், எல்லாம் கேட்டார். நானும் நேற்றுத்தான் அங்கிருந்து வந்தவன் மாதிரி அளந்தேன்.

கடைசியில்தான் மாதத்தைக் கேட்டார். தை என்றேன். தையில் கதிர் பால்பிடிக்கிற நேரம், வயலை விட்டு வர ஏலாது, பங்குனியில் அறுத்துச் சூடடித்து முடித்து வைகாசியில் வருகிறேன் என்றார். வைகாசியில் பனி உருகிவிடும் என்றேன். அவருக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது. எழும்பிச் சால்வையை உதறிக்கொண்டு சொன்னார்: "வெள்ளாமை நேரத்துல பேஞ்சி, சும்மா இரிக்கிற நேரத்துல உருகிற பனிய வெச்சி என்னத்தத் தம்பி செய்ற? தோதான வேற நாடு ஒண்டு பாருங்க."

பாதுகாப்பு முறை

ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். பயணத்தில் அவருக்கு ஒரு துளி அக்கறையும் இல்லை. கலண்டர்ப் படத்தை மட்டும் கிட்டப் போய் நின்று பார்த்தார். மாசக்கணக்காக அந்தப் பனி அப்படியே கிடக்கும் என்று சொன்னேன். நம்பாமல் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உருகாம இரிக்க மேல என்னத்தப் போடுறாங்க, உமியா, மரத்தூளா?"

பூச்சாடி

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் உண்மையாகவே சேர்ந்தார்கள். ஆனால் மாஸ்டருக்கு ஒரு சந்தேகம். அந்தக் குளிரில் தண்ணீர் உறைந்துவிட்டால் தொழுகைக்கு முன்னால் முகம் கைகால் கழுவி எப்படி வுழூ எடுப்பது? தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணில் கைவைத்துத் தயம்மும் செய்யலாம் என்று நான் அவருக்கே பாடம் சொன்னேன். "மண்ணு பனிக்குக் கீழ கெடக்குமே" என்றார்.

அதனால் மூன்று ஊர் ஹோட்டல்களுக்கும் கடிதம் எழுதினேன்: உங்களிடம் சுத்தமான காய்ந்த மண் கிடைக்குமா? கௌரவமான மனிதன் எழுதுகிற கடிதமா அது! சிம்லாவிலிருந்து மட்டும் பதில் வந்தது. நாங்கள் தோட்டப் பிரியர்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒவ்வோர் அறையிலும் மண் நிரப்பிய பூச்சாடி உண்டு என்று எழுதியிருந்தார்கள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "பூச்சாடி இரிக்கிற எடம் நல்ல எடம். சிம்லா எண்டே போடுங்க."

இரண்டு பேர் எட்டான கதை

குவைத்தில் மூன்று வருஷம் உழைத்து லீவில் வந்த ஒரு மாப்பிள்ளை, தானும் மனைவியும் மட்டும் மணாலிக்குப் போக வேண்டும் என்று வந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவர் பெண் வீட்டில்தான் இருப்பார். வீடு பெண்ணுக்கு, சொல் மாமிக்கு. அடுத்த நாள் மாமியே வந்தார். பின்னால் மாப்பிள்ளை குடையோடு.

"எங்கட புள்ளயத் தனிய அனுப்புற வழக்கமில்ல" என்று சொல்லி மாமி பெயர் கொடுத்தார்: தான், தன் புருஷன், கலியாணமாகாத மகள், தங்கச்சி, தங்கச்சியின் புருஷன், தன் காக்கா, அதாவது மூத்த அண்ணன். ஊர் காஷ்மீர், அங்கேதான் அறுப்பு ஹலால். எனக்கோ உள்ளுக்குள் பெருநாள். மாஸ்டர் வீட்டில் இரண்டு, இங்கே எட்டு, பத்துப் பேர் சரி! மாமி படியிறங்கியதும் மாப்பிள்ளை குனிந்து என் காதோடு கேட்டார்: "தம்பி, எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் வேற பிளேன் ஒண்டு இல்லையா?"

வழிகாட்டி

ஊரைத் தீர்மானிக்க எல்லாரையும் கந்தோருக்குக் கூப்பிட்டோம். மாஸ்டர் சிம்லாவிலேயே நின்றார். மாமி காஷ்மீரை விடவில்லை. மாப்பிள்ளை மணாலி என்று ஒருதரம் சொல்லிவிட்டு, மாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடைசியில் மாமி என் பக்கம் திரும்பினார்: "நீங்க போய்ப் பாத்த ஆள். எந்த எடம் நல்லம் எண்டு நீங்களே சொல்லுங்க மனே."

இரண்டு மாதமாக வாய் கூசாமல் அளந்தவன், அன்றைக்குப் பார்த்து உண்மை பேசினேன். ஒரு ஊருக்கும் போனதில்லை என்றேன். பனியாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். முதலாளி கூரையைப் பார்த்தார். மாமி கோபப்படவில்லை, சந்தையில் மீன் பழசென்று கண்டதும் திருப்பி வைப்பார்களே, அப்படி என்னைத் திருப்பி வைத்தார். "அப்ப இவரு என்னத்தக் காட்டுறதுக்கு வாறாரு? கைப்புள்ளயோட எங்கட ரெண்டாவது மகளுக்கு வர ஏலா, அந்த எடத்த ரெண்டாவது மருமகனுக்குப் போடுங்க."

முதலாளி உடனே எழுதிக்கொண்டார். ஒன்பதுக்கு இரண்டு என்று மாஸ்டர் விட்டுக்கொடுத்தார், ஊர் காஷ்மீர் என்றாயிற்று. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தவர்கள்

பதினொரு பேரும் சுகமாக வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை படங்கள் காட்டினார். எல்லாமே யன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தவை. பாதிப் படத்தில் மாமியின் போர்வைதான் விழுந்திருந்தது. வெளியே எடுத்த படம் எங்கே என்று கேட்டேன். மாமி உண்மையான அன்போடு என் கையில் ஒரு ஆப்பிளை வைத்தார். "குளிரெண்டாக் குளிர் மனே! ஒருத்தரும் ரூம உட்டு எறங்கல்ல. நல்ல காலம், நீங்க வந்து கஷ்டப்படல்ல."

கல்முனையிலிருந்து பனி பார்க்கப் போன பதினொரு பேரில் ஒருவர்கூடப் பனியை மிதிக்கவில்லை. மிதித்திருக்கக்கூடிய ஒரே மனிதன், அவர்கள் விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர வான் வண்டி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.