ஜான்சி அண்ணி சுமந்த மெழுகுக் கட்டி

ஜான்சி அண்ணி என் அண்ணன் ரத்தினத்தின் மனைவி. சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கிறார். அண்ணன் இருந்தவரை அண்ணி தேய்ப்பார், அவர் மடிப்பார். மாற்றிச் செய்தால் சண்டை வரும். அந்த வண்டியை விட்டு அண்ணன் எங்கேயும் போனதில்லை. குடலில் புற்றுநோய் வந்த பிறகுதான் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. ஆண்டவர் அழைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷனில் எடுத்த சதையில் ஒரு துண்டை மெழுகில் பதித்து இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். தாம்பரத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில், இந்த நோய் ஏன் சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். பல ஆஸ்பத்திரிகள் தங்களிடம் இருக்கும் துண்டுகளை அதற்குத் தருகின்றன. வீட்டார் சம்மதித்தால் அண்ணனுடையதும் போகும் என்றார்கள்.

அண்ணி போனை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"அப்ப இன்னா பேபி, அவர முழுசா அடக்கம் பண்ணலியா நாம?"

அவர்கள் மகள் அனுப்பிரியாதான் பேசினாள். கைக்குழந்தைக்காரி. "தாத்தாவுக்கும் இதே நோவு, அப்பாவுக்கும் இதே நோவு. அடுத்தது நானான்னு தெரிய வேணாமாம்மா? அப்பா துண்டுல இன்னா கோளாறுன்னு கண்டுபிடிச்சாதான் என் ரத்தத்துல அதத் தேட முடியுமாம்."

என் கை தன்னால் என் வயிற்றுக்குப் போனது. அவள் தாத்தா என்றது என் அப்பாவை.

அண்ணி சம்மதித்தார். ஆஸ்பத்திரி ஆளே கொண்டுபோய்க் கொடுப்பார், இல்லையென்றால், வேறு டாக்டரிடம் காட்ட மற்ற நோயாளி வீட்டார் கையிலேயே எடுத்துப் போவது போல நீங்களும் எடுத்துப் போகலாம் என்றார்கள். "என் வூட்டுக்காரர நானே கூட்டிக்கினு போறேன்" என்றுவிட்டார் அண்ணி. குறித்த நாள், இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் கல்லறைத் திருநாளாக அமைந்தது. அதை அவர் வேண்டுமென்றேதான் குறித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கொடுத்த பொருள் தீப்பெட்டியைவிடச் சிறியது. ஒரு பிளாஸ்டிக் சட்டம், ஓரத்தில் நம்பர், மேலே வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் புளியங்கொட்டை அளவில் பழுப்பாக ஒன்று. அவ்வளவுதான் அண்ணன்.

"மத்ததெல்லாம் டெஸ்டுக்கே போயிடுச்சும்மா. மிச்சம் இது ஒண்ணுதான்" என்று கவரில் போட்டுக் கொடுத்த பெண் சொன்னாள். "நனையக் கூடாது. வெயில்லயும் வெச்சுடாதீங்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு எங்கே போவது?

பஸ்ஸில் அண்ணி அதை மடியில் பொத்திக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கினார். கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்கடையும் குடையுமாக ஒரே கூட்டம்.

"அண்ணி, மொதல்ல அதக் குடுத்துட்டு வந்துடலாம்."

"பாதர் மந்திரிக்க வர நேரம். மண்ணுல போட்டப்ப இந்தத் துண்டுக்கு யாரு ஜெபம் சொன்னாங்க? இன்னிக்கு ஒருநாளாவது ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்."

அண்ணன் கல்லறையில் சிலுவைக்குக் கீழே மெழுகுவர்த்தி வைக்கச் சின்ன மாடம் உண்டு. நனையக் கூடாது என்று சொன்னார்களே என்று அண்ணி கவரோடு அதை மாடத்தின் உள்மூலையில் வைத்தார். முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. பாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். நாங்கள் கண்ணை மூடி ஜெபமாலை சொன்னோம். அதற்குள் பக்கத்துக் கல்லறைக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று வந்தவர்களெல்லாம் மழைக்கு ஒதுக்கமாக இருக்கிறதே என்று அந்த மாடத்திலேயே ஆளுக்கொன்று ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்குத்தான் முதலில் வாடை வந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை.

"அண்ணி!"

மெழுகுவர்த்திகளைத் தள்ளிக்கொண்டு அண்ணி கையை உள்ளே விட்டார். கரி போட்ட இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பழகிய கை, சூட்டுக்குப் பின்வாங்கவில்லை. கவர் ஒரு பக்கம் சுருங்கிப்போய் ஒட்டியிருந்தது. உள்ளே வெள்ளை மெழுகு கண்ணாடி மாதிரி ஆகிச் சட்டத்தின் ஓரமாக வழிந்திருந்தது. பழுப்புத் துண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"துண்டு கீதா பேபி? அவரு கீறாரா பாரு!"

"இருக்காரு அண்ணி. ஆட்டாதீங்க."

சேலைத் தலைப்பை மழையில் நனைத்துக் கவருக்கு அடியில் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினோம். வழியெல்லாம் அண்ணி அழவில்லை. "நானே கொளுத்திட்டேனே, பொண்ணு உயிர நானே கொளுத்திட்டேனே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எது விட்டுப்போயிற்று என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

போன் அடித்தது. அனுப்பிரியா.

"குடுத்தாச்சாம்மா?"

"குடுத்துக்கினே கீறோம்" என்று சொல்லி அண்ணி வைத்துவிட்டார்.

தாம்பரம் ஆஸ்பத்திரி லேபில் தினகரன் என்ற தம்பி கவரை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னாம்மா, அடுப்புல வெச்சீங்களா?"

அண்ணி மறைக்கவில்லை. கல்லறை, மாடம், மெழுகுவர்த்தி எல்லாம் சொன்னார். "என்ன வேணும்னாலும் திட்டு சாமி. அவர மட்டும் காப்பாத்து."

அந்தத் தம்பி திட்டவில்லை. நம்பர் தெரிகிறதா என்று பார்த்தார். "டாக்டர் பாக்கணும். உக்காருங்க" என்று உள்ளே போய்விட்டார்.

உட்கார்ந்திருந்தோம். பெஞ்சுக்கு எதிரில் கதவு. யார் யாரோ போகிறார்கள், வருகிறார்கள். போன் மறுபடி அடித்தது. அண்ணி எடுக்கவில்லை. "தாயே, அந்தப் புள்ளைக்காக" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எனக்காகவும் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

கதவு திறந்தது. தினகரன் நின்றுகொண்டே சொன்னார். "மெழுகுதாம்மா உருகியிருக்கு. சதை கருகல. நாங்களே மெழுக உருக்கித்தான் இத உள்ள வெப்போம். எடுத்து நேரா வெச்சு, புது மெழுகு ஊத்தியாச்சு. டாக்டர் பாத்துட்டாரு. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறோம்."

அண்ணி அப்போதுதான் அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வேல முடிஞ்சா மிச்சத்தத் திருப்பிக் குடுப்பீங்களா சார்? புதைக்கணும்."

"குரோம்பேட்டைக்கே திரும்பப் போயிடும்மா. அங்க கேட்டா குடுப்பாங்க. ஆனா நாளைக்கு வேற டெஸ்ட் வந்தா, உங்க பொண்ணுக்கே அது தேவைப்படலாம்."

அண்ணி சொன்னார்: "அப்ப அங்கயே இருக்கட்டும். உயிரோட கீறப்ப வண்டிய வுட்டு நகராத மனுசன், இப்ப ஊர் ஊரா சுத்துறாரு. கடைசி நாள்ல ஆண்டவரு கூப்பிடுறப்ப எங்க கீதோ அங்கேர்ந்து பொறுக்கிக்குவாரு. அவருக்கா தெரியாது?"

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். ஆராய்ச்சியின் முடிவு வர மாசக்கணக்காகும் என்றார்கள். பரவாயில்லை. போய்ச்சேர்ந்தாயிற்று.

வாசல்வரை வந்த அண்ணி நின்றார். திரும்பிப் போய் அந்தக் கதவைத் தட்டினார்.

"சார், நெருப்புக்கிட்ட மட்டும் வெச்சுடாதீங்க."

தினகரன் சிரித்துவிட்டார். "அத நாங்க உங்ககிட்ட சொல்லணும்மா."