திங்கட்கிழமை கொண்டுபோன மோதகம்

இதை எழுத நினைத்து நினைத்தே நாலு வருடம் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எழுதினால் என் மடைத்தனத்தையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், ஒரு குற்றமும் செய்யாத மனுசன் ஒருவர் எங்கள் சனத்தின் வாயில் கோள்மூட்டியாகவே கிடப்பார். முருகன் என்னை விடவில்லை. எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு இறக்குமதிக் கம்பனியின் ஸ்டோர்சில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். வியாபாரம் படுத்ததும் எங்களில் பதினொரு பேரை நிறுத்தினார்கள். மூன்று மாத நோட்டீஸ். சம்பளம் உண்டு, வேலைக்கு வரத் தேவையில்லை, திங்கட்கிழமைகளில் மட்டும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. சம்பளம் பற்றிய வரியை மட்டும் விசாரித்துத் தெரிந்துகொண்டு, மிச்சத்தை ஒருவரிடமும் காட்டாமல் சாமித்தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினேன். இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. கடிதத்துக்குக் கற்பூரம் எதற்கு? வாசிக்கத்தானே கடிதம்?

இரண்டாம் மாதம் வெள்ளவத்தையில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை சரிவந்தது. நோட்டீஸ் முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பொறுத்திருக்கலாம். ஆனால் இடையில் ஆடி மாதம் வந்து குந்திக்கொண்டது.

"இஞ்சேருங்கோ, ஆடி பிறந்தால் ஒண்டும் தொடங்கேலாது. முதலாளி ஆவணி வரும் மட்டும் உங்களைப் பாத்துக்கொண்டிருப்பாரோ? வெள்ளிக்கிழமை நல்ல நாள், போய்த் தொடங்குங்கோ" என்றாள் மனைவி.

முதலாளியும் யாழ்ப்பாணத்தவர். "ஓம் ஓம், ஆடிக்கு முதல் வந்திடுங்கோ" என்றார். வெள்ளி காலை தொடங்கினேன்.

வேலை கிடைக்க வேண்டுமென்று வைத்த நேர்த்திக்கு, திங்கட்கிழமை மனைவி மோதகம் அவித்துத் தந்தாள். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு, மிச்சத்தோடு அப்படியே பஸ் ஏறிக் கையெழுத்து வைக்கப் போனேன். இத்தனை வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்களுக்குக் கொடுக்காமல் பிரசாதம் எனக்கு எப்படித் தொண்டையில் இறங்கும்?

முதலில் எதிர்ப்பட்டவர் மாளிகாவத்தை நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டோர்சில் என் பக்கத்து மேசைக்காரர். அவரை நிறுத்தவில்லை.

"என்ன அண்ணே, வேல போன மனுசன் பணியாரம் பங்குற?"

"நானா, வேலை கிடைச்சிட்டுது. வெள்ளிக்கிழமை தொடங்கினனான்."

அவர் என் கையைப் பிடித்துவிட்டார். "மெதுவா பேசுங்க! நோட்டீஸ் இன்னும் முடியல்லயே. பெட்டிய மூடி பேக்ல வெச்சிட்டு, சைன் பண்ணிட்டு ஊட்டுக்குப் போங்க."

நான் கேட்டேனா? இல்லை. எச்.ஆர். மிஸ்சின் மேசைக்கே போய்ப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு சாப்பிட்டார். "என்ன விசேசம், அங்கிள்?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கடை, வெள்ளிக்கிழமை, பிள்ளையார் எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் விரலைத் துடைத்துவிட்டு என் ஃபைலை எடுத்தார்.

"கடிதத்தில நாலாவது பந்தியைப் பாக்கேல்லையா? எங்கட சம்பளத்தில இருக்கேக்க வேற வேலை செய்யிறதெண்டால் எழுத்தில அனுமதி எடுக்கோணும்."

"இப்ப எடுக்கலாமோ, மிஸ்?"

"தொடங்க முதல் கேட்டிருந்தால் நானே தந்திருப்பன். இனி மேலிடத்துக்கு அனுப்போணும்."

சொல்லிக்கொண்டே மூன்றாவது மோதகத்தை டிஷ்யூவில் சுற்றி வைத்தார். மேலிடம் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே என் சம்பளத்தை நிறுத்தியது.

வீட்டில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கம்பனிக்கு ஆர் சொன்னது? நானே மோதகமும் கொடுத்து விசயத்தையும் சொன்னேன் என்று சொல்ல வெட்கம். "தெரியாது" என்றேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மனைவியின் தம்பி கண்டுபிடித்துவிட்டார்.

"அத்தான், உங்களை நிப்பாட்டினவங்கள் அந்த நானாவை மட்டும் வச்சிருக்கிறாங்கள். வேற ஆர் சொல்லியிருப்பினம்?"

நான் வாய் திறக்கவில்லை. மிஸ்சிடம் அவ்வளவு கதைத்த வாய்! கதை எங்கள் லேன் முழுக்கப் போய், கனடா வரைக்கும் போய்விட்டது. அடுத்த நோன்புப் பெருநாளுக்கு நானா வழமைபோல் வட்டிலப்பம் கொண்டுவந்தார். மனைவி கேற்றைத் திறக்காமலே, "அவர் இல்லை" என்றாள். நான் உள்ளேதான் இருந்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

போன மாதம் மாளிகாவத்தைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணீர் தந்தார்.

"யார் சொன்னதுன்னு எனக்குத் தெரியாதா? நான் அங்கதானே இருந்த. எனக்குச் செல்லி என்ன அண்ணே, ஒங்கட ஆக்களுக்குச் செல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "அந்த மனுசனை நான் வாசலில நிப்பாட்டினனானே, நாலு வருசமா நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தியளோ?" என்று கத்தினாள். அவள் கத்தியது நியாயம்.

இதை வாசிக்கிறவர்கள் எங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அனுப்புங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு மிஸ்சையோ மனைவியையோ குற்றவாளியாக்கிவிட வேண்டாம். சொன்னது நான், கேட்ட உடனே, என் வாயால். தடுக்கப் பார்த்தவர் நானா. கடவுள் சாட்சியாக நடந்தது இவ்வளவுதான், இப்படியே சொல்லுங்கள்.