நான் அடைத்த ஓட்டை

எங்கள் தொழிலில் எது உடைந்தாலும் சத்தம் வராது. கம்ப்யூட்டரில் நிறம் மட்டும் மாறும். அதனால்தான் தேவி அக்கா என் மேஜை மேல் ரெண்டு துண்டு இரும்பை டங்கென்று போட்டபோது தூக்கிவாரிப் போட்டது.

ரெண்டு துண்டு

வேலப்பன்சாவடியில் பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ப்ராஜெக்ட் சென்டர். சுற்றிலும் இன்ஜினியரிங் காலேஜ்கள். கடைசி வருஷப் பிள்ளைகள் வரைந்து வரும் பாகத்தை நான் திரையில் ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாக நறுக்குவேன். மெஷ் என்று பேர். பிறகு திரையிலேயே பாரம் ஏற்றினால் நிறம் வரும். நீலம், பச்சை என்றால் தாங்கும். சிவப்பு என்றால் உடையும். நான் பிளஸ் டூ ஃபிசிக்ஸில் ஃபெயில், மறுபடி எழுதவும் இல்லை. இன்ஜினியர் ஆகப்போகிறவர்கள் என்னை அண்ணா என்கிறார்கள்.

என்னைவிட மூத்த தேவி அக்கா மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் தம்பி மணிக்கு நடக்க வராது. அவனுக்காகக் கையால் சுற்றி ஓட்டும் மூணு சக்கர வண்டி செய்கிறார். அதுதான் அவர் ப்ராஜெக்ட். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று மணியே ஓட்டிக்காட்டப் போகிறான். அந்த வண்டியின் கைப்பிடித் தண்டுதான் இப்போது ரெண்டாக என் எதிரில். காலேஜ் லேபில் பாரம் வைத்ததும் உடைந்துபோய்விட்டதாம். நான் கொடுத்த ரிப்போர்ட்டில் முழுக்கப் பச்சை.

"மணி ரோட்டுல போவசொல்ல உடைஞ்சிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப, தினேஷு?"

நெளியும் வண்டி

துண்டுகளை மானிட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு பையன் தன் ரேஸ் வண்டிச் சட்டத்தைப் பார்க்க வந்தான். திரையில் அது பாம்பு மாதிரி நெளிந்தது. அவனுக்கு முகமே செத்துப்போச்சு. "நூறு மடங்கு பெருசாக்கிக் காட்டுது. நிஜத்துல முடி அளவுகூட வளையாது" என்றேன். இது தெரியாமல் நடுங்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள், எனக்குத் தெரியும்.

அவன் மூச்சு விட்டான். அப்புறம் யோசித்தான்.

"அப்போ முடி அளவே காட்டிடு அண்ணாத்தே. இது நெளியறதப் பாத்தா எங்க காலேஜ் மேடம் என்னைய நெளிய வெச்சிடும்."

ஆகாத நிறம்

அன்று மத்தியானம் ஒரு வாத்தியார் வந்தார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறாராம். பாலத்துக்கு அடியில் வைக்கிற தகடு ஒன்று. ஓரத்தில் திட்டாகச் சிவப்பு. அது மட்டும் வேண்டாம் என்றார். சிவப்பு ஆரம்பிக்கிற எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் அதே படம் மஞ்சளாகிவிடும். ரெண்டு க்ளிக் வேலை. இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பீர்கள். நான் செய்யாமல், "சார், படம்தான் மாறும், தகடு மாறாது" என்றேன்.

"தகட்ட யாருப்பா பாக்கப் போறா? படத்தத்தான் பாப்பாங்க."

பஸ்ஸில்

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வெள்ளானூர் பஸ்ஸில் ஜன்னலோரம். மழை விட்டிருந்தது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. முன் சீட்டுக்காரரின் வழுக்கை, கடைப் பலகை, மேகம் எல்லாமே. கோவில்பதாகை ஏரி வந்தது. தண்ணீர் முழுக்க மெதுவாகக் கட்டங்கள் விரிந்தன, எல்லாம் ஒரே அளவு. நடுவில் ஒரு குச்சி நட்டிருந்தது. அதைச் சுற்றி மட்டும் கட்டங்கள் சின்னதாகி, நெருக்கியடித்து நின்றன.

பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த தண்டுத் துண்டை எடுத்தேன். உடைந்த ஓரத்தில் பாதி நிலா மாதிரி ஒரு வளைவு. பிரேக் ஒயர் போகிற ஓட்டை. அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள ஓட்டையைத் திரையில் அடைத்துவிட வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். அப்போதுதான் கட்டம் அழகாக வரும். இதையும் நான்தான் அடைத்திருந்தேன், ஏதோ கனவில் இருந்துகொண்டு. ஓட்டை இல்லாத தண்டு திரையில் எங்கே உடையும்?

"இன்னா நைனா, இரும்பக் கொஞ்சிக்கினே கீற, ஸ்டாப்பிங் போச்சு பாரு" என்றார் கண்டக்டர்.

பட்டுத் தெரிந்த சிவப்பு

காலையில் ஓட்டையைத் திறந்து, சுற்றிலும் பொடிக் கட்டங்கள் போட்டு ஓடவிட்டேன். முக்கால் மணி நேரம் ஃபேன் சத்தம் மட்டும். பிறகு விடிகிற மாதிரி நிறம் வந்தது. நீலம், பச்சை, ஓட்டையின் விளிம்பில் ஒரு பொட்டுச் சிவப்பு. துண்டை வைத்துப் பார்த்தேன். உடைந்த அதே இடம். அசிங்கமான உண்மைதான், ஆனால் அழகாக இருந்தது.

ஓனர் ரகு சார் எட்டிப் பார்த்தார். "அழிச்சிடு. அந்தப் பொண்ணு வந்தா இரும்பு மட்டம்னு சொல்லு. நாமதான் அடைச்சோம்னு வாயத் தொறந்த, அப்புறம் ஒருத்தனும் மாடி ஏற மாட்டான்."

நாலு மணிக்கு தேவி அக்கா வந்தார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இரும்பு நல்ல இரும்புக்கா. ஓட்டைய அடைச்சது நான்." திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒயர கிளிப்புல மாட்டிக்கறேன், ஓட்டையே வாணாம். வைவாக்கு நீயும் வா. மணி ஓட்டசொல்ல நீ பக்கத்துலயே ஓடி வரணும்."

படத்தை அழி என்றார் ரகு சார், இரும்பு மேல் பழியைப் போடு என்றார், ரெண்டையும் நான் செய்யவில்லை. அன்றிலிருந்து அவரும் எங்கள் கம்ப்யூட்டர் மாதிரிதான், என்னைப் பார்த்தால் சத்தமே போடாமல் நிறம் மட்டும் மாறுகிறார்.