கழற்றிக்கொண்டு போக முடியாத வீடு

சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறும்போது காலை ஆறே முக்கால். ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். அஸ்தம்பட்டி தாண்டும்வரை தூறலாக இருந்தது அடிவாரத்தில் மழையாகிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதிலேயே மேகத்துக்குள் நுழைந்துவிட்டோம். எனக்கு முன் இருக்கையில் ஒரு புதுமணத் தம்பதி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படம் எடுக்கப் பார்த்தார்கள். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

நான் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. கொட்டச்சேட்டிலிருந்து பிலோமினா இரண்டு நாள் முன்பு போன் செய்திருந்தார். "சார், செவ்வாக்கெழம காலி பண்றோமுங்க. ஒருக்கா வந்து ஊட்டைப் பாத்துட்டுப் போங்க" என்றார். அழவுமில்லை, குறை சொல்லவுமில்லை.

அந்த வீட்டைக் கட்டியதில் எனக்குப் பங்குண்டு. இல்லாதவர்களுக்குக் குறைந்த செலவில், மலையைக் கெடுக்காமல் வீடு கட்டித்தரும் சிறிய அமைப்பொன்றில் அப்போது வேலை பார்த்தேன். கட்டுகிற இடத்து மண்ணையே தோண்டி, கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கை மெஷினில் அழுத்திக் கல் எடுப்போம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், ஆற்று மணலும் வேண்டாம். பிலோமினாவும் அவர் கணவர் ஆரோக்கியமும் காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை செய்பவர்கள். எஸ்டேட் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். அங்கேயே வீடு கட்டிக்கொள்ளலாம் என்று முதலாளி வாயால் சொல்லியிருந்தார். காகிதம் எதுவும் இல்லை.

ஆரோக்கியம் தயங்கத்தான் செய்தார். மாரமங்கலம் பக்கம் பட்டா கொடுக்கப் போவதாகப் பேச்சு இருக்கிறது, ஒரு வருஷம் பொறுக்கலாமா என்று கேட்டார். எனக்கு நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் வீட்டை முடித்துக்காட்ட வேண்டிய நெருக்கடி. முதலாளி பெரியவர், சொன்னால் சொன்னதுதானே என்று பேசிப் பேசி நான்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். இதை மறைத்துவிட்டு இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. பெரியவர் போன ஆண்டு இறந்துபோனார். பிள்ளைகள் எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள்.

எட்டே காலுக்கு ஏற்காட்டில் இறங்கி, ஏரி முனையில் டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். கொட்டச்சேட்டுக்கு ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். வழியில் இரண்டு எஸ்டேட் கேட்டுகளைக் காட்டி, இது காட்டேஜ் ஆகிவிட்டது, அது ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. காப்பிச் செடிகளில் பழம் அங்கங்கே சிவக்கத் தொடங்கியிருந்தது.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது பெருமைதான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. இத்தனை மழைக்காலம் பார்த்த சுவரில் ஒரு விரிசல் இல்லை. பிலோமினா ஒவ்வொரு சித்திரையிலும் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார். மகள் பிறந்த நாள் தெரிகிற மாதிரி ஒவ்வொரு கல்லும் தனக்குத் தெரியும், எதெது எந்தக் குழி மண் என்றுகூடத் தன்னால் சொல்ல முடியும் என்றார்.

ஆரோக்கியம் கூரைமேல் நின்று ஓடு இறக்கிக்கொண்டிருந்தார். ஐந்து வரிசை இறக்கியாகிவிட்டது. ஓடு, இரண்டு ஜன்னல், கதவு. எடுத்துப்போக முடிந்தது அவ்வளவுதான். நான் கீழே நின்று வாங்கி அடுக்கினேன். பிலோமினா பாத்திரங்களைச் சாக்கில் கட்டியபடியே சொன்னார்:

"பழைய தகர ஊடா இருந்திருந்தா ரெண்டு மணி நேரத்துல கழட்டிக்கிட்டுப் போயிருப்போமுங்க. இது நொம்ப நல்லாக் கட்டிட்டோம்."

 ஓட்டைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

பதினொரு மணி இருக்கும். எஸ்டேட்டில் ஆட்களையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் ரைட்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். புது முதலாளி வைத்த ஆள். மரியாதையானவர்தான், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். வீட்டை இடிக்கப் போவதில்லை, முதலாளியின் மனைவிக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது, வருகிற விருந்தாளிகளுக்கு விடப்போகிறார்கள் என்றார். அதனால் ஓட்டையும் கதவையும் அப்படியே விட்டுவிட வேண்டுமாம்.

ஆரோக்கியம் கூரைமேல் கையிலிருந்த ஓட்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எடுத்துக் குடுங்க சார்" என்றார். இறக்கிய ஓடுகளை ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம் பார்த்து, நீர் உள்ளே இறங்காதபடி, ஐந்து வரிசையையும் திரும்ப வேய்ந்தார். ஏதோ ஒரு ஓட்டைக் கோணலாக வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைக்கவில்லை.

ரைட்டர் என்னிடம் வந்தார். "ஏனுங்க, நீங்கதானே கட்டுனது? இதே மாதிரி இன்னும் ஆறு கட்டோணும்னு மொதலாளி சொல்றாருங்க. உங்க நம்பரு குடுங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிலோமினா என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "குடுங்க சார். இவருக்கு மண்ணுக்கல் வேலை அத்துப்படி. கட்ற வரைக்கும் கூலியாவது கெடைக்கும்" என்றார்.

கொடுத்தேன்.

ஒன்றரை மணிக்குச் சாமான் ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வாழவந்திக்குப் போனோம். பள்ளிக்கூடம் போன மகள் மாலை நேரே அங்கே வந்துவிடுவாள் என்றார்கள். வாடகைக்குப் பிடித்திருந்தது ஒரே அறை. ஹாலோ பிளாக் சுவர், பூசவில்லை. மேலே தகரம். மழை விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. கட்டிலை எந்தப் பக்கம் போட்டாலும் ஏதாவதொரு ஓட்டைக்குக் கீழே வந்தது. ஆரோக்கியம் ஆணிகளைச் சுற்றித் தார் வைத்து அடைக்க ஏறிவிட்டார். கீழிருந்து நான் விடைபெற்றது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

நாலே காலுக்குப் பஸ். நிறுத்தம்வரை பிலோமினா குடை பிடித்துக்கொண்டு வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டிவிட்டால் தேவலை என்றும் இருந்தது. பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பேசினார்.

"பனி மாசத்துல தெனமும் அடுப்பு எரியோணும், இல்லீனா செவுரு ஊறிப் பூஞ்சக்காளான் புடிச்சுக்குமுங்க. அவங்களுக்கு அது தெரியாது. போன் பண்ணுனா சொல்லிருங்க சார்."

இறங்கும் வளைவுகளை நான் எண்ணவில்லை. சேலத்தில் என் வீடு சிமெண்ட் வீடு. கோடையில் பகல் முழுதும் வெந்துகொண்டிருக்கும், அதைப் பற்றி நான் பயிற்சி வகுப்புகளில் கேலியாகப் பேசியிருக்கிறேன். அதன் பட்டா பீரோவில் இருக்கிறது. அந்த வீட்டை விட்டு எங்களை யாரும் போகச் சொல்ல முடியாது என்பதை அன்று மாலைதான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரைட்டர் போன் செய்தார். வேலையை நான் ஏற்கவில்லை. ஆரோக்கியத்தைக் கூப்பிடுங்கள், என்னைவிட நன்றாகச் செய்வார் என்றேன். கூடவே பிலோமினா சொன்னதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கோடை சீசனில் ஆள் இருப்பார்கள், அடுப்பும் எரியும் என்றார். மற்ற மாதங்களில் என்று கேட்டேன்.

"பூட்டித்தானுங்க கெடக்கும்" என்றார்.