லோறன்ஸ் சாராயத்தை விட்ட தவக்காலம்

ஜெயந்தினியைப் பற்றிப் பள்ளிமுனையில் யாரைக் கேட்டாலும் வாய் திறவாத பெட்டை என்பார்கள். சுத்தப் பொய். அவள் வாயைத் திறந்தாள். நாங்கள்தான் காதைப் பொத்திக்கொண்டோம். அதில் முதல் ஆள் கடைக்காரி நான்.

கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறவள் அவள். கத்தி கையில் ஏறினால் ஒரு கூடை பாரையை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுவாள். புருஷன் லோறன்ஸ் கடலுக்குப் போகிறவன், பெருங்குடிகாரன். குடித்தால் கத்துவான், வாசலில் விழுவான், விடியும்வரை குறட்டை விடுவான். இந்தத் தவக்காலத்தில் சாராயத்தைத் தொடுவதில்லை என்று கோயிலில் நேர்ந்தான். பங்குச் சுவாமியே பூசையில் அவனைப் புகழ்ந்தார்.

சாராயத்தின் இடத்துக்கு என் கடையில் தகர ரின்னில் விற்கும் சக்தி பானம் வந்தது. உடம்புக்குத் தெம்பு, மனதுக்கு உற்சாகம் என்று அதில் போட்டிருக்கும். காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, பின்னேரம் மூன்று. நல்லபிள்ளையாகிவிட்டான் என்று நானும் எடுத்தெடுத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவனுக்கு நித்திரை போய்விட்டது. கை நடுங்கியது. கறிக்கு உப்புக் கூடினாலும் அவளுக்கு அடி, குறைந்தாலும் அடி. தவக்காலத்தின் மூன்றாம் கிழமை துடுப்பால் அடித்து அவளுடைய இடது மணிக்கட்டை முறித்தான். கட்டுப்போட்ட கையோடு வந்து, அந்த ரின்தான் அவனை இப்படி ஆக்குகிறது, இனிக் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சினாள்.

"அவன் இப்ப குடிக்கிறதில்லைத்தானே? நீ என்ன சொன்னனீ அவனுக்கு?" என்று கேட்டேன். கோயில் பெண்களும் அதையேதான் கேட்டார்களாம்.

பெரிய வியாழன் மத்தியானத்துக்குள்ளேயே அன்றைக்கு ஆறாவது ரின் கேட்டான். அவன் கண் சிவந்திருந்த விதத்தில் எனக்கே பயம் பிடித்து, இல்லை என்றேன். கடையின் குளிர்பான பிரிட்ஜ் கண்ணாடியைக் குத்தி உடைத்தான். தடுக்கப் போன என் தம்பி அன்ரனியின் தலையைச் சுவரில் மோதினான், ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஜெயந்தினி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். முறிந்த கையிலேயே ஏறி மிதித்தான். நாலுபேர் சேர்ந்துதான் அவனை நிலத்தில் அமத்தினார்கள். சாராயம் ஏற்றிவிட்டான் என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள்.

நான் குனிந்து அவன் வாயை மணந்து பார்த்தேன். அந்த ரின்னின் இனிப்புப் பாணி மணம் மட்டும்தான்.

ஜெயந்தினி கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் இருந்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா மாதாவிட்ட ஒண்டைத்தான் கேட்டு அழுதனான், அக்கா. இவர் திரும்பக் குடிக்கோணும் எண்டு. குடிச்சாலாவது விழுந்து படுப்பார்."