கருப்பையா வெட்டாத வரப்பு

திருவாதவூர் கருப்பையா அண்ணன் இறந்த செய்தியை அவர் தம்பி முத்துதான் போனில் சொன்னான். "அண்ணன் காலைல போயிட்டாக சார். நீங்க கட்டாயம் வரணும்." அவரைத் தெரிந்த உங்களிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் ஆசை. சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

வேளாண்மை அலுவலராக நான் அந்த ஊருக்குப் போன புதிதில், எல்லார் வரப்பும் மழுமழுவென்று இருக்க, அவருடையதில் மட்டும் இடுப்பளவு புல்லும் பூவும் மண்டிக் கிடந்தன. அதைப் படமெடுத்து விவசாயிகள் கூட்டத்தில் காட்டி, "சோம்பேறி வரப்பு இப்படித்தான் இருக்கும்" என்றேன். அவர் எழுந்தார். "அந்தப் படத்துல சிலந்தி எம்புட்டு இருக்கு பாத்தீகளா சார்? பூச்சி புடிக்க நான் வச்சிருக்கிற ஆளுக அதுக." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

சில வருடம் கழித்து, வரப்பில் பூச்செடி வளர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்தே உத்தரவு வந்தது. வெட்கத்தை விட்டு அவர் வயலுக்கே ஆட்களைக் கூட்டிப்போனேன். அவர் குத்திக்காட்டவில்லை. "வயல்ல வெளையிறது நமக்கு, வரப்புல இருக்கிறது அதுகளுக்கு. பங்காளிச் சண்டை எதுக்கு?" என்றார்.

போன மாதம் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோது, "வரப்பப் பாத்துக்கடா" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் வரப்பைப் பார்ப்பதென்றால் புல்லைச் செதுக்குவது. அண்ணன் திரும்புவதற்குள் அதைச் செய்துவிட முத்துவுக்கு ஆசை. ஆள் கிடைக்கவில்லை. எனக்குப் போன் செய்தான்.

"வரப்புப் புல்லுக்கு என்ன மருந்து சார், எம்புட்டு ஊத்த?"

களைக்கொல்லியின் பெயரையும் அளவையும் சொன்னேன். அவனுக்கும் தனி வயல் உண்டு. எந்த வரப்பு என்று நான் கேட்கவில்லை.

மிச்சத்தைத் துக்க வீட்டில் அவர் மனைவி சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவரும் வழியில் காரை நிறுத்தி, கருகிக் கிடந்த வரப்பை முத்து பெருமையாகக் காட்டியிருக்கிறான்.

"யாருடா இத அடிக்கச் சொன்னது?"

"நம்ம ஆபீசர் சார்தாண்ணே."

"அவரா? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமேடா."

அதன்பின் சாகும்வரை யாரிடமும் அவர் பேசவில்லையாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு அந்த அம்மா, "காப்பி குடிங்க சார்" என்றார். குடித்தேன்.

அவருடைய சிரிப்பு, பொறுமை எல்லாம் உங்களிடம் இருக்கட்டும். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கடைசி வாக்கியம். தெரியாமல் சொல்லிவிட்டேன் அண்ணே என்று சொல்ல, அவர் இல்லை.